அமாவாசை இருட்டில் நானே போட்ட விளக்கு

2018 நவம்பரில், பார் கவுன்சிலில் வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு வருஷம்கூட ஆகாத நேரத்தில், முதல் தடவையாகத் தனியாக ஒரு சாட்சியைக் கிராஸ் செய்தேன், அதாவது எதிர்த்தரப்புச் சாட்சியிடம் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணை. மொத்தம் பதினோரு நிமிஷம். நான் எழுந்தபோது என் கட்சிக்காரர் விடுதலையாவதற்கு நல்ல வாய்ப்பு இருந்தது. உட்கார்ந்தபோது இல்லை. கடைசியில் அவர் மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது எங்கள் கோர்ட்டுக்கு வரும் ஜூனியர் பிள்ளைகள் மதிய இடைவேளையில் போனில் உலகப் புகழ்பெற்ற குறுக்கு விசாரணைகளைப் பார்த்து ரசிப்பதைப் பார்க்கும்போது வயிற்றில் ஏதோ செய்கிறது. பழைய வழக்குகளிலிருந்து கற்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த கிராஸில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான். முதலில் நான் கற்றது தப்பான பாதி, அவ்வளவுதான்.

அந்த வருஷம் சென்னையில் ஒரு ஓட்டல் ஹாலில் ஆறு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. வரலாற்றுப் புகழ்பெற்ற வழக்குகள் வழியாக வாதத்திறமை. கட்டணம் 18,500. ஒவ்வொரு வாரமும் வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு விடிகாலையில் வந்து இறங்குவேன். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டியது. சீனியர் அப்போது எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது மாதம் ஐயாயிரம். அண்ணன் தான் பாதிப் பணம் கொடுத்தான். வகுப்பு சுவாரசியமாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஒவ்வொரு வழக்கிலும் அந்த ஒரு கேள்வி வரும், ஹாலில் எல்லாரும் கைதட்டுவோம். ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் வழக்கறிஞர் என்ன கேட்டார், அதற்கு முந்தின ராத்திரி எதைப் படித்தார் என்று ஒரு நாளும் யாரும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது ஆபிரகாம் லிங்கன் வக்கீலாக இருந்தபோது நடத்திய கொலை வழக்கு. 1857 ஆகஸ்ட் 29 இரவு மெட்ஸ்கர் என்பவர் தாக்கப்பட்டு, பிறகு இறந்துபோகிறார். லிங்கனின் பழைய நண்பர் மகன் டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் மேல் வழக்கு. இரவு பதினோரு மணிவாக்கில் சுமார் 150 அடி தூரத்திலிருந்து நிலா வெளிச்சத்தில் பார்த்ததாக சார்லஸ் ஆலன் என்ற சாட்சி சொல்கிறார். லிங்கன் பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டுகிறார். அந்த நேரத்தில் நிலா உச்சியில் இல்லை, அடிவானத்துக்கு இறங்கிவிட்டது. 1858 மே 7 அன்று இலினாய் மாநிலம் பியர்ட்ஸ்டவுனில் ஆர்ம்ஸ்ட்ராங் விடுதலை. கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

வகுப்பு முடிந்த இரண்டாவது வாரம் சீனியருக்கு நெஞ்சுவலி, பைபாஸ். "இருக்கிற வாய்தாவையெல்லாம் நீயே பார்த்துக்கம்மா" என்று ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சொல்லிவிட்டார். அதில் ஒன்று ஒரு 324 கேஸ், ஆயுதத்தால் காயப்படுத்தியதாக வழக்கு. மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்த்த இருபத்து மூன்று வயதுப் பையன் குற்றம்சாட்டப்பட்டவன். இரவு பதினொன்றரை மணிக்குக் கோயில் சந்தில் தகராறு, ஒருவருக்கு முன்கையில் கத்தி கீறி ஆறு தையல். அடிபட்டவரே பின்னாலிருந்து வெட்டியதால் ஆளைப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பார்த்ததாகச் சொன்னது அரசுத் தரப்பின் இரண்டாம் சாட்சி (அ.சா.2) மட்டும், சந்து முனையில் டீக்கடை வைத்திருப்பவர். போலீசிடம் அவர் கொடுத்த 161 வாக்குமூலத்தில் 'அருகில் இருந்தேன், பார்த்தேன்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. போலீஸ் சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரிலும் வரைபடத்திலும் ஒரு விளக்குக்கூடக் காட்டப்படவில்லை. அரசுத் தரப்பு தன் சாட்சியைத் தானே கேட்கும் முதல் விசாரணையிலும் வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கேஸ் கட்டைக் கையில் கொடுத்தால் நான் இரண்டே கேள்வி கேட்பேன், அதுவும் வெளிச்சத்தைத் தொடாமல். அன்றைக்கு நான் முந்தின நாளே பழைய தினசரி காலண்டரைத் தேடி எடுத்து, சம்பவத் தேதி அமாவாசை என்று கண்டுபிடித்து, அந்தத் தாளைக் கிழித்துப் பைலில் சொருகி வைத்திருந்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

"சம்பவம் நடந்த அன்றைக்கு அமாவாசை, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். "தெரியும்மா." காலண்டர் தாளைக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. "அமாவாசைன்னா நிலா கிடையாது, சரிதானே?" "சரிதாம்மா." "சந்து இருட்டாக இருந்தது?" "அமாவாசைன்னா இருட்டாத்தானே இருக்கும்." கூண்டில் நிற்பவர் நான் நினைத்தபடியே பதில் சொல்கிறார். அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், வகுப்பில் சொன்ன மாதிரி ஒரு நொடி நிறுத்தி, குரலை ஏற்றி, "அந்தக் கும்மிருட்டில் எப்படி ஆளை அடையாளம் பார்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அமாவாசைக்கு நம்ம கோயில்ல நடுராத்திரி பூசை உண்டும்மா. குலதெய்வம் கும்பிட வெளியூர்ச் சனம் வரும். அன்னிக்கு மட்டும் பன்னிரண்டு மணி வரைக்கும் கடை தொறந்திருப்பேன். வாசல்ல ரெண்டு டியூப்லைட் போட்டிருப்பேன். அது வெளிச்சம் சந்துல நல்லா விழும். இந்தத் தம்பி என் கடைக்குத் தினமும் வர்ற ஆளு."

டைப்பிஸ்ட் விரல்கள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வெளிச்சம், கடை திறந்திருந்த காரணம், முன்பே தெரிந்த ஆள். அரசுத் தரப்பில் இல்லாத மூன்றையும் நான் ஒரே கேள்வியில் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அரசு வழக்கறிஞர் எழுந்து, "மறுவிசாரணை இல்லை", அதாவது தன் சாட்சியிடம் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. டியூப்லைட் விஷயத்தைப் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லையே என்று அந்த இடத்திலேயே சாட்சியிடம் கேட்டு, பிறகு விசாரணை அதிகாரியிடமும் அதை உறுதி செய்திருக்க வேண்டும். முதல் வருஷ மாணவருக்குத் தெரிந்த விஷயம். எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது. "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு சாட்சியை மறுபடி அழைக்க 311 மனு போட்டேன், தள்ளுபடி ஆனது.

ஒரு வருஷத் தண்டனை. மேல்முறையீட்டுக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு மூத்த வழக்கறிஞரைப் பிடித்தோம், 25,000 கேட்டார். பையனின் அம்மா கழுத்துச் செயினை அடகு வைத்தார். நான் பத்தாயிரம் போட்டேன், அது என் இரண்டு மாத வருமானம். அப்பீல் தீர்ப்பில் என்னுடைய கிராஸிலிருந்தே வரியை எடுத்து எழுதியிருந்தார்கள்: எதிரி (குற்றம்சாட்டப்பட்டவர்) தரப்புக் குறுக்கு விசாரணையிலேயே போதிய வெளிச்சம் இருந்தது நிரூபணமாகிறது. தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை. "நீங்களும் சின்னப் பொண்ணுதானே வக்கீலம்மா" என்றார். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் எந்தச் சாட்சியையும் தொடவில்லை. வாய்தா வாங்குவது, மனு எழுதுவது, இதோடு சரி.

அந்தச் சமயத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது காந்தி. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்ணுக்காக 30 ரூபாய் கட்டணத்தில் ஆஜராகிறார். குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் தலை சுற்றுகிறது, ஒரு கேள்வியும் வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படேல் என்பவரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். படேலுக்கு 51 ரூபாய். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்தது அவருடைய அவமானம். ஆனால் கட்சிக்காரர் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவர் செய்தது நான் செய்ததைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம்தான் லிங்கன் வழக்கை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். முதல் அதிர்ச்சி, அந்த வழக்குக்குச் சொல்லுக்குச் சொல் பதிவே கிடையாது. வகுப்பில் நடித்துக் காட்டிய அந்தக் கேள்வி பதில் எல்லாம் பிற்பாடு கட்டியது. அங்கே இருந்தவர்கள் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னதுதான் நம்மிடம் இருக்கிறது. அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: பஞ்சாங்கத்தை எடுப்பதற்கு முன்னால் லிங்கன் அந்தச் சாட்சியைப் பலமுறை, சலிக்காமல், நிலா வெளிச்சத்தில்தான் பார்த்தேன் என்று சொல்ல வைத்திருக்கிறார். நிலாவைச் சொன்னது சாட்சி. லிங்கன் அதை இறுக்கிக் கட்டினார், பிறகுதான் பிடுங்கினார். என் டீக்கடைக்காரர் நிலாவைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சொல்லாத நிலாவை நான் கொண்டுபோய் இல்லை என்று நிரூபித்தேன். இன்னொன்று, லிங்கன் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பிப் போகவில்லை. மண்டையில் இருந்த காயம் வேறொரு அடியாலும் வந்திருக்கலாம் என்று சொல்ல ஒரு மருத்துவரையும் கூண்டில் ஏற்றியிருந்தார். வகுப்பில் அந்த மருத்துவரைப் பற்றிப் பேச்சே இல்லை. மருத்துவருக்கு யாரும் கைதட்ட மாட்டார்கள் இல்லையா.

அதற்கு மேல் எனக்குப் பாடமாக அமைந்தது 1889 லண்டன் பார்னெல் விசாரணை ஆணையம். அயர்லாந்துத் தலைவர் பார்னெல் எழுதியதாக ஒரு கடிதத்தை டைம்ஸ் பத்திரிகை 1887 ஏப்ரல் 18 அன்று வெளியிட்டிருந்தது. அதைக் கொண்டுவந்து விற்ற ரிச்சர்ட் பிகாட் என்பவரை சர் சார்லஸ் ரஸ்ஸல் குறுக்கு விசாரணை செய்கிறார். எடுத்த எடுப்பில் ஒரு தாளைக் கொடுத்துச் சில வார்த்தைகளை எழுதச் சொல்கிறார். சில சாதாரண வார்த்தைகள், அவன் பெயர், இன்னொருவர் பெயர். எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி, 'தயக்கம்' என்று பொருள்படும் 'ஹெசிடன்சி' என்ற சொல்லையும் எழுதச் சொல்கிறார். பிகாட் அதில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதுகிறான். போலிக் கடிதம் ஒன்றிலும் அதே சொல் அதே தப்போடு இருந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். ரஸ்ஸல் அப்போது துள்ளிக் குதிக்கவில்லை. தாளை வாங்கி வைத்துக்கொண்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார். டைம்ஸில் பார்னெலுக்கு எதிரான கட்டுரைகள் வரப்போவது முன்கூட்டி உனக்குத் தெரியுமா என்று கேட்டு, தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டு, அவை வருவதற்கு முன்பே அதைப் பற்றி அவன் ஆர்ச்பிஷப் வால்ஷுக்கு எழுதிய கடிதத்தை எடுக்கிறார். அடுத்த வாரம் பிகாட் கோர்ட்டுக்கு வரவில்லை, மாட்ரிட்டில் தற்கொலை செய்துகொண்டான். இந்தப் பதிவை நான் நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை ஒரு நோட்டில், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் 'இது எந்தக் கதவைச் சாத்துகிறது' என்று எழுதிப் பார்த்தேன். சாட்சி ஓடக்கூடிய கதவுகள் எல்லாம் மூடும்வரை ஆயுதம் வெளியே வரவில்லை.

அந்த நோட்டுப் பழக்கம் இன்னும் இருக்கிறது. கேள்வியை எழுதுவதில்லை. சாட்சி வாயிலிருந்து வர வேண்டிய பதிலை எழுதுகிறேன், பக்கத்தில் அவர் மறுத்தால் காட்ட வேண்டிய ஆவணத்தின் பக்க எண். அந்த இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சம்பவ இடத்துக்கு அதே நேரத்தில் போய்ப் பார்க்கிறேன். இரவு சம்பவம் என்றால் இரவில். நான் ஒரே ஒரு அமாவாசைக்கு அந்தக் கோயில் சந்தில் போய் நின்றிருந்தால் டியூப்லைட் என் முகத்திலேயே அடித்திருக்கும்.

தோற்ற விசாரணைகளையும் படியுங்கள், அதில் கிடைப்பது ஜெயித்ததில் கிடைக்காது. 1946 மார்ச்சில் நூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் ஹிட்லரின் முக்கியத் தளபதி கோரிங்கைக் குறுக்கு விசாரணை செய்தவர் ராபர்ட் ஜாக்சன், அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே இருந்தவர். அவரே திணறினார். விரிவாகப் பதில் சொல்ல இடம் கொடுக்கும் கேள்விகளைக் கேட்டார், கோரிங் பிரசங்கம் செய்தார், நீதிபதிகளும் சாட்சியைப் பேச விட்டார்கள். ஜெர்மனியின் ரைன்லாந்துப் பகுதியை விடுவிக்கும் ரகசியத் திட்டம் என்று ஜாக்சன் காட்டிய ஆவணம், உண்மையில் ரைன் ஆற்றில் போக்குவரத்தை அப்புறப்படுத்துவது பற்றியது என்று கோரிங் திருத்தினார். மொழிபெயர்ப்பை நம்பி மூலத்தைப் பார்க்காத பிழை. எனக்கு அது ஒரு தனிப்பட்ட சமாதானம், சொன்னால் என்ன. அடுத்து வந்த பிரிட்டிஷ் வழக்கறிஞர் மேக்ஸ்வெல் ஃபைஃப், சிறை முகாமிலிருந்து தப்பிய 50 விமானப்படையினர் சுட்டுக் கொல்லப்பட்ட விஷயத்தை எடுத்து, கோரிங் எந்தத் தேதிவரை விடுப்பில் இருந்தார் என்று நாள் நாளாகப் பிடித்தார். சின்னச் சின்னக் கேள்வி, பதில் சொல்ல இடமே இல்லை. நூரம்பர்க் பதிவுகள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. என் 18,500 ரூபாயை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருவது இதனால்தான்.

எல்லா உத்தியையும் அப்படியே நகலெடுக்கவும் முடியாது. 1911 நியூயார்க் டிரையாங்கிள் சட்டை ஆலைத் தீ வழக்கில் 146 பேர் இறந்திருந்தார்கள். முதலாளிகளுக்காக ஆஜரான மேக்ஸ் ஸ்டூயர், கேட் ஆல்டர்மன் என்ற தொழிலாளிப் பெண்ணைத் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் வந்தது, ஒரு வார்த்தை விட்டபோது அதை எடுத்துக் கொடுத்தார், அவளும் சேர்த்துக்கொண்டாள். மனப்பாடம் என்று ஜூரிக்கு, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவுக்குத் தெரிந்தது, முதலாளிகள் விடுதலை. வகுப்பில் இதை மேதைமை என்றார்கள். எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. புலம்பெயர்ந்து வந்த பெண், தெரியாத மொழியில் சொல்ல வேண்டியதை ஒப்பித்துப் பழகியிருந்தால் அது பொய்யாகிவிடுமா? அது கிடக்கட்டும், நடைமுறைக்கு வருவோம். அந்த உத்தி ஜூரிக்காகச் செய்தது. நம் கோர்ட்டில் ஜூரி கிடையாது. மாஜிஸ்ட்ரேட் முன்னால் சாட்சியம் கதையாகத்தான் பதிவாகும். நான் குரலை ஏற்றி இறக்கிக் கேட்ட கேள்வி பதிவில் எப்படி வந்திருந்தது தெரியுமா? 'சம்பவத்தன்று அமாவாசை என்றால் சரிதான். சந்து இருட்டாக இருந்தது என்றால் சரிதான்.' என் ஒரு நொடி இடைவெளியைக் காணோம். ஒரு பதிலின் தடுமாற்றம்தான் உங்களுக்கு முக்கியம் என்றால், கேள்வி பதில் வடிவிலேயே பதிவு செய்யச் சொல்லி அப்போதே கேளுங்கள். சாயங்காலம் நகல் மனு போட்டு என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு வருஷம் நான் அதைக்கூடச் செய்ததில்லை.

மறுபடி தனியாகக் கிராஸ் செய்தது 2022இல், ஒரு செக் கேஸ், அதாவது பணமில்லாமல் செக் திரும்பிய வழக்கு. குறிப்பிட்ட ஒரு பிப்ரவரித் தேதியில், தன் வீட்டில் வைத்து, நாலு லட்சம் ரொக்கத்தை என் கட்சிக்காரருக்குத் தன் கையால் கொடுத்ததாகப் புகார்தாரர் சொன்னார். அவர் வேறொரு சொத்து வழக்கில் கொடுத்த சாட்சியத்தின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்திருந்தேன். அதில், மகள் பிரசவத்துக்காக அந்த வருஷம் ஜனவரி முதல் மார்ச் கடைசிவரை சிங்கப்பூரில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். எடுத்தவுடன் காட்டக் கை துடித்தது. காட்டவில்லை. தேதி சரியாக ஞாபகம் இருக்கிறதா, வேறு தேதியாக இருக்க வாய்ப்பு உண்டா, வீட்டில்தானா, மகனோ மனைவியோ கொடுக்கவில்லையே, வங்கி மூலம் அனுப்பவில்லையே. ஒவ்வொன்றுக்கும் அவரே அழுத்தமாகப் பதில் சொன்னார். பணத்தைத் தானே எண்ணிக் கொடுத்ததாகக் கேட்காமலே சேர்த்துக்கொண்டார். பிறகு நகலைக் காட்டி, இந்தச் சாட்சியம் உங்களுடையதுதானா, கையெழுத்து உங்களுடையதா, இந்த வரியை நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எங்கள் தரப்பு ஆவணமாகக் குறியீடு செய்யச் சொன்னேன்.

நாக்கின் நுனியில் 'அப்படியானால் எப்படி?' வந்து நின்றது. அவரும் அந்தக் கேள்வியை எதிர்பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். இடையில் மூன்று நாள் ஊருக்கு வந்து போனேன் என்று சொல்லியிருப்பார், வேறென்ன. நான் கட்டை மூடி, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தேன். முதுகெல்லாம் வியர்த்திருந்தது. பக்கத்தில் இருந்த ஜூனியர், "அவ்வளவுதானா மேடம்? இன்னும் ஒண்ணு கேட்டிருக்கலாமே" என்று மெல்லச் சொன்னாள். அவளுக்கு மதியம் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்து, என் பழைய பைலிலிருந்து அந்தக் காலண்டர் தாளை எடுத்துக் காட்டினேன்.